இறங்கி நின்று பார்க்கிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பயணம் பற்றியவை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளம் குளமாக அலைந்து ஓய்வு பெற்றவனிடம் வழி கேட்பது நியாயம். சாமியைப் பற்றியும் என்னிடமே கேட்பதுதான் கொஞ்சம் அதிகம். ஆனாலும் வட இலங்கையின் வன்னியில் எந்தக் குளக்கட்டில் ஏறுவதானாலும் ஒரு பிள்ளையாரையோ ஐயனாரையோ தாண்டித்தான் ஏறவேண்டும். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓகஸ்ட் மாதம் பிள்ளைகள் இருவரோடு ஊருக்கு வருகிறோம். மூன்று நாளை வன்னிக்கு ஒதுக்கியிருக்கிறோம். மடு, திருக்கேதீச்சரம், முறிகண்டி, இரணைமடு, வற்றாப்பளை, முல்லைத்தீவுக் கடற்கரை, சுண்டிக்குளம், ஆனையிறவு என்று பட்டியல் போட்டாயிற்று. வாகனமும் பேசியாயிற்று. எதையாவது விட்டுவிட்டோமா?
– வாசகி, ஸ்காபரோ

எதையும் விடவில்லை. அதுதான் எனக்குக் கவலை. இந்தப் பட்டியலோடு புறப்பட்டால் மூன்று நாளில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் குளிரூட்டிய வாகனத்துக்குள் கைத்தொலைபேசியோடு கழிப்பார்கள். அதற்கு ஸ்காபரோவே போதும்.

முதலில் வெட்டவேண்டியதை வெட்டுகிறேன். சுண்டிக்குளம் வேண்டாம். 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான இடம், பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும் இடம் என்பதெல்லாம் சரி. ஆனால் அவை வருவது மாரி மழையோடு. ஓகஸ்டில் போனால் வெடித்த சேறும் கானல் நீரும்தான் மிஞ்சும். மார்கழி, தையில் வருகிறவர்கள் அங்கே போகட்டும். ஆனையிறவை யாழ்ப்பாணம் போகும் வழியில் எப்படியும் கடப்பீர்கள். உப்பளப் பக்கம் பத்து நிமிடம் இறங்கி நின்றால் போதும். திருக்கேதீச்சரத்தையும் மடுவையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

மடு என்றால் ஒரு முழு நாள் கொடுங்கள். 15ஆம் திகதித் திருவிழாவுக்குப் போவதானால் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் போகவேண்டும். மரங்களின் கீழ் தறப்பாள் கொட்டில்கள், அடுப்புப் புகை, ஒலிபெருக்கியில் தமிழும் சிங்களமும் மாறி மாறி. நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வந்த குடும்பம் பக்கத்துக் கொட்டிலில் சோறு வடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் சைவமா வேதமா (கிறிஸ்தவமா) என்று யாரும் கேட்கமாட்டார்கள். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்த சைவக் குடும்பங்கள் வன்னியில் ஏராளம், எங்கள் வீடு உட்பட. கூட்டம் ஒத்துவராது என்றால் 20ஆம் திகதிக்குப் பிறகு போங்கள். பெருக்கி முடித்த வளவும் குரங்குகளும் நீங்களும்தான்.

போகும் வழியில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்த மாதாவின் சொரூபத்தைச் சில குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. அப்படித்தான் அது மருதமடுவை அடைந்தது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே சொரூபத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். சில மாதங்களில் அது திரும்பி வந்தது. மாதாவே இரண்டு முறை இடம்பெயர்ந்தவர். உங்கள் பிள்ளைகள் எப்படிக் கனடாவில் பிறந்தார்கள் என்ற கதையை அங்கிருந்து தொடங்குவது சுலபம்.

இரண்டாம் நாள் மாலை இரணைமடு. 1902இல் கட்டத் தொடங்கிய குளம். பிறகு பலமுறை உயர்த்தினார்கள். இப்போது நிறைந்தால் 36 அடி. ஓகஸ்டில் நிறையாது, தண்ணீர் பின்வாங்கி அலைகரை வெளித்துக் கிடக்கும், மாடுகள் அதில் இறங்கி மேயும். வெளியூரார் வான்கதவுக்கு முன்னால் நின்று படமெடுத்துவிட்டு உடனே வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் நாலரை மணிக்குக் குளக்கட்டின்மேல் ஏறி ஆறரை வரை இருங்கள். முதல் அரை மணித்தியாலம் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். நச்சரிக்கட்டும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும், தலைமயிர் நிற்காது. பட்டமரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். தோணிக்காரர் கரைக்கு வந்து வலையை உதறி மீன் கழற்றுவார். கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார், கேட்காவிட்டால் வாய் திறக்கமாட்டார். ஆகவே கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு துருசுப் பக்கம், அதாவது குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகடிக்கு, கூட்டிப்போங்கள். கட்டுக்கு ஒரு பக்கம் குளம், மறு பக்கம் அதே தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது. வாய்க்காலோடு சிறிது தூரம் நடந்தால் கோடைகாலச் சிறுபோக வயல். ஓகஸ்டில் கதிர் முற்றி வெட்டுக்கு நிற்கும் அல்லது வெட்டிக்கொண்டிருப்பார்கள். இரவு தட்டில் விழும் சோறு எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. கட்டடியில் கனகாம்பிகை அம்மன் கோயில் மணி கேட்டால் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

மூன்றாம் நாளுக்கு என்னிடம் பட்டியல் இல்லை. உறவினர் வீடு ஒன்று இருக்குமே, அங்கே பகல் முழுவதும் இருங்கள். பிள்ளைகளை ஒரு வாளி தண்ணீர் கிணற்றிலிருந்து அள்ளச் சொல்லுங்கள். மத்தியானம் மாமர நிழலில் பாயைப் போட்டுப் படுங்கள். அன்றைய படம் எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

என் கணவர் ஏ-9 வீதியில் வாகனம் ஓட்டும்போது முறிகண்டியில் நிறுத்துவதில்லை. "கண்ணாடியைத் திறந்து கும்பிடு, பிள்ளையாருக்குக் கேட்கும்" என்கிறார். நேரம் போகிறதாம். நீங்களாவது சொல்லுங்கள் ஐயா.
– வாசகி, வவுனியா

பிள்ளையாருக்குக் கேட்கும், உண்மைதான். ஆனால் உங்கள் கணவருக்குக் காலில் இரத்தம் ஓடவேண்டாமா? வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை நேரே கிடக்கிற வீதி. மத்தியான வெயிலில் தார் மினுங்கும், கண் சொருகும். இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் சாரதிகள் முறிகண்டியில் நிறுத்துவதை யாரும் சட்டம் போட்டுக் கற்பிக்கவில்லை. இறங்கி, செருப்பைக் கழற்றி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் ஒன்றை உடைத்து, உண்டியலில் சில்லறை போட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறவனுக்கு மிச்சத் தூரம் தெளிவாகத் தெரிகிறது. பக்தி என்று சொல்லி நித்திரையை விரட்டிய முன்னோர்கள் கெட்டிக்காரர்கள்.

கச்சானும் (நிலக்கடலை) உண்டு. தாச்சியில் சூட்டு மணலோடு புரட்டி, அரித்து, சுருளில் போட்டுத் தருவார்கள். கோதுடைத்தால் உள்ளங்கை சுடவேண்டும், சுடாததை வாங்காதீர்கள்.

இன்னொன்று. 2006 ஓகஸ்டில் இந்தப் பாதை மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கொழும்பு கப்பலிலும் விமானத்திலும்தான் என்றாகியது. அந்தக் காலத்தில் முறிகண்டியில் ஐந்து நிமிடம் நின்றுவர எத்தனையோ பேர் எவ்வளவும் கொடுத்திருப்பார்கள். உங்கள் கணவரும் அந்தக் காலத்து ஆள்தானே? அடுத்த முறை சாவியை நீங்கள் எடுங்கள். அவர் பக்கத்து இருக்கையில் இருந்து பார்க்கட்டும்.

நாங்கள் மதுரைக்காரர்கள். எங்கள் ஊரை எரித்த கண்ணகிக்கு உங்கள் பக்கத்தில் பெரிய கோயில் இருக்கிறதாமே. அங்கே கடல் தண்ணீரில் விளக்கு எரிகிறது என்கிறார்கள். நீங்கள் தண்ணீர்த் துறையில் இருந்தவர், உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

கடைசி வாக்கியத்தில் பொடி வைத்திருக்கிறீர்கள், மணக்கிறது.

கோயில் வற்றாப்பளையில், நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறது. வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமையில் பொங்கல். அதற்கு ஒரு வாரம் முன்பே காரியம் தொடங்கிவிடும். முல்லைத்தீவுக் கடலில் ஒருவர் குடத்தோடு இறங்கித் தீர்த்தம் எடுப்பார். அது முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்கு ஊர்வலமாகப் போகும். அங்கே அந்த உப்புநீரை விட்டு விளக்கேற்றுவார்கள். ஒரு வாரம் அங்கே எரிந்தபின் அம்மனிடம் போகும்.

இதற்கு ஊரில் சொல்லும் கதை எனக்குப் பிடித்தது. நந்திக்கடல் வெளியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்களிடம் ஒரு கிழவி வந்தாள். பசிக்கிறது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியது, விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் தண்ணீரை அள்ளி ஊற்றுங்கள் என்றாள், எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்று குனிந்தாள். மயிரை விலக்கிப் பார்த்த பையன்களுக்குத் தலை முழுவதும் கண்கள் தெரிந்தன. பெரியவர்களைக் கூட்டிவந்தபோது கிழவி இல்லை. அரண்மனைக்கும் அரசனுக்கும் முன் நின்ற பிறகு, அம்மன் இங்கே வந்து பேன் பார்க்கச் சொல்லி மாட்டுக்காரப் பையன்களிடம் தலையைக் கொடுத்தாள் என்கிறார்கள் எங்கள் ஆட்கள். இப்படியொரு தெய்வத்தோடு பேசுவது எளிது.

விளக்கைப் பரிசோதிக்கிற நோக்கத்தோடு நான் அங்கே நின்றதில்லை. சனத்தின் நெரிசலில், யாரோ ஒரு அம்மாவின் பாற்செம்பு என் தோளில் சிந்த, திரையின் இடுக்கால் சுடரைப் பார்த்திருக்கிறேன். திரியில் எண்ணெய் இருந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் ஊருக்குள்ளேயே உண்டு. அவர்களும் அடுத்த வைகாசிக்குப் பாற்செம்பு எடுக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். அம்மாள் வருத்தம் வந்த பிள்ளைக்கு வேப்பிலை கட்டி நேர்த்தி வைத்தவர்களை, திரியைப் பற்றிய விவாதம் எங்கே தடுக்கப்போகிறது?

கொதித்துப் போய் வந்தவளைக் குளிர்விக்கும் சடங்குக்குக் குளிர்த்தி என்று பெயர். மதுரையில் மூண்ட கோபத்தை ஆற்றுகிற வேலையை ஆண்டுதோறும் செய்துவருகிறோம். மதுரையிலிருந்து யாராவது வந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அம்மனும் மனம் மகிழ்வாள். நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓடுகிற காலமாகப் பார்த்து வாருங்கள். பொங்கலன்று வாகனத்தைத் தூரத்தில் விட்டு நடக்கவேண்டியிருக்கும், தங்க அறை கிடைப்பது அரிது. அமைதிதான் வேண்டும் என்றால் ஏதாவது ஒரு கிழமை நாளில் பகல் பூசைக்கு வாருங்கள். பூசை முடிந்தபின் கோயில் வீதியில் காற்றும் மாடுகளும் மட்டும் இருக்கும்.

வன்னிக்கு வந்தால் என்ன சாப்பிடலாம்? ஒரு வரியில் சொல்லவும்.
– வாசகர், மட்டக்களப்பு

ஒரு வரியில் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தயிருக்கு மட்டக்களப்பார் வன்னிக்கு வரத் தேவையில்லை. எங்கள் எருமைத் தயிர் குறைந்ததல்ல என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். குளத்து ஜப்பான் மீனைப் பொரித்தும், விராலைக் குழம்பு வைத்தும் தருகிற வீடு அகப்பட்டால் கடைக்குப் போகாதீர்கள். நந்திக்கடல் இறாலைப் பற்றி நான் எழுதினால் விலை கூடிவிடும்.

பாலைப்பழத்துக்கு வைகாசி, ஆனியில் வரவேண்டும். மஞ்சளாய், சிறுவிரல் நுனியளவில் இருக்கும். வீதியோரத்தில் பேணியால் அளந்து விற்பார்கள். பத்துப் பழம் தின்றதும் அதன் பால் உதட்டில் பிசினாய் ஒட்டிக்கொள்ளும், பேச வராது. வாயாடிகளோடு பயணம் போகிறவர்கள் முதலில் வாங்கவேண்டியது இதைத்தான். கிளையோடு வெட்டிக் கொண்டுவந்து விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். பாலை மரம் அவசரமாக வளர்கிற மரமல்ல.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அம்மா வயதானவர், திருக்கேதீச்சரம் கூட்டிப்போகச் சொல்கிறார். அவர் கும்பிடும் நேரத்தில் நான் என்ன செய்வது? நடிக்க விருப்பமில்லை.
– வாசகர், வெள்ளவத்தை

நடிக்க வேண்டாம். அம்மாக்களுக்கு அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது. செருப்பைக் கழற்ற அம்மா குனியவேண்டும், முழங்கை பிடிக்க ஒரு கை வேண்டும். கோயிலின் தீர்த்தமான பாலாவியில் கால் நனைக்க ஆசைப்படுவார், படி வழுக்கும். சூடான கல்லில் வெறுங்காலோடு நடக்கவேண்டும், நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வழி சொல்ல ஆள் வேண்டும். சிவராத்திரிக்குப் போனால் இன்னும் விசேஷம். பாலாவியில் தீர்த்தம் அள்ளிக்கொண்டு போய் அடியார்கள் தங்கள் கையாலேயே மகாலிங்கத்துக்கு ஊற்றலாம். அம்மாவால் குடத்தைத் தூக்க முடியாது. குடம் தூக்க நம்பிக்கை தேவையில்லை, தோள் போதும்.

கோயிலைச் சும்மா பார்க்கவும் விஷயம் இருக்கிறது. போர்த்துக்கேயர் இடித்த பழைய தலம். இன்று நிற்பது கருங்கல்லில் எழுப்பி 2022 ஜூலையில் குடமுழுக்குச் செய்த கட்டடம். சம்பந்தரும் சுந்தரரும் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். கடலைத் தாண்டாமல் இராமேசுவரக் கரையில் நின்றே பாடினார்கள் என்பது மரபு. நேரில் வராமலே பாலாவிக் கரையைப் பாடிவிட்டுப் போனவர்கள் இருக்க, நேரில் வந்தும் வெளி வீதியில் நிற்கப்போகிறவர் நீங்கள். உங்களுக்கும் இடம் இருக்கிறது, மரம் இருக்கிறது.

என் தொழிலில் கண்டதைச் சொல்கிறேன். சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் திறக்கும் நாளில் கமக்காரர்கள் துருசடியில் பொங்கி வைப்பார்கள். புக்கையை வாழையிலையில் படைத்துத் தேங்காய் உடைத்த பிறகுதான் துருசில் கை வைக்கலாம். அந்த இடத்தில் உத்தியோகத்தர்களில் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் ஒன்றையும் நம்பாதவரும் நின்றிருக்கிறோம். யார் கைகூப்பினார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. துருசு திறக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். தண்ணீர் வாய்க்காலின் காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடும்போது, கூட்டத்தில் யாராவது ஒரு முதியவர் கூடவே நடப்பார். அந்த நேரம் எனக்குள் எழுந்ததற்கு நன்றி என்று பெயர் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. யாருக்கு என்ற பத்தியை இன்னும் நிரப்பவில்லை. நிரப்பாமலே விண்ணப்பம் ஏற்கப்படுகிறது என்பது என் அனுபவம்.

அம்மா வெளியே வந்ததும் திருநீற்றை நீட்டுவார். நெற்றியைக் கொடுங்கள். அது உங்கள் நெற்றி என்றாலும் அவர் கழுவி வளர்த்தது.

பல்கலைக்கழக நண்பர்கள் ஏழெட்டுப் பேர் முல்லைத்தீவுக்கு வருகிறோம். சிங்கள நண்பர்களும் உண்டு. முள்ளிவாய்க்கால் பக்கம் போவதா, போனால் கடலில் குளிப்பதா, படம் எடுப்பதா? மனம் ஒப்பவில்லை.
– மாணவி, பேராதனை

ஒப்பாத மனத்தோடு வாருங்கள், பிள்ளை. ஒப்பிய மனத்தோடு வருகிறவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் களைத்துவிட்டோம்.

கடலில் குளிக்கலாம். அந்தக் கரையில் வாழ்கிற பிள்ளைகளும் குளிக்கிறார்கள். வாடியில் கருவாடு காய்கிறது, வலை பின்னுகிறார்கள். துக்கத்தை மட்டும் காவல் வைத்துக்கொண்டு ஒரு ஊர் சீவிக்க முடியாது. ஆனால் வீடுகளைப் பின்னணியாக வைத்துச் சிரித்துப் படமெடுக்காதீர்கள். கடைக்காரரிடம் சோடா வாங்குங்கள், விலை கேளுங்கள், மழை பெய்ததா என்று கேளுங்கள். 2009இல் எங்கே இருந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அவர் சொல்ல நினைத்தால் மிச்சக் காசைத் தரும்போது தானாகச் சொல்வார். அப்போது வாகனம் காத்திருக்கிறது என்று நழுவாமல் நின்று கேளுங்கள்.

வட்டுவாகல் பாலத்தில் இறங்குங்கள். ஒடுங்கிய பழைய பாலம், தண்ணீரைத் தொட்டுவிடும் உயரம். ஓரத்தில் வீச்சுவலையோடு யாராவது நிற்பார். 2009 மே மாதம் சனம் பிள்ளைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு இதைக் கடந்துதான் வந்தது. சிங்கள நண்பர்களுக்கு இதை நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தில் ஒருவரையும் நிறுத்தாதீர்கள்.

மே நடுப்பகுதியில் வந்தால் வீதியோரங்களில் கஞ்சி கொடுப்பார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. சிரட்டையிலோ பேணியிலோ வாங்கி அங்கேயே நின்று குடியுங்கள், மீதம் வைக்காதீர்கள்.

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கே தெரிந்தாலும் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள். பறவையைப் பார்க்கவும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். மிதிவெடி அகற்றி முடித்த பாதையில் மட்டும் நடக்கவேண்டும்.

எங்கள் ஊருக்கு வெளிநாட்டிலிருந்து எல்லாம் ஆட்கள் பார்க்க வருகிறார்கள். இங்கே பார்க்க என்ன இருக்கிறது? எனக்கு நுவரெலியா பார்க்கத்தான் ஆசை. ஆசைப்படுவது தவறா?
– மாணவன், ஒட்டுசுட்டான்

ஒரு தவறும் இல்லை, தம்பி. உன் வயதில் எனக்கும் குளம் என்றால் குளிக்கிற இடம், காடு என்றால் விறகு. குளிரைப் பார்க்கவேண்டும் என்றால் குளிருக்குத்தான் போகவேண்டும். உன் ஊரிலிருந்து மாங்குளத்துக்கு வா. அங்கே குறுக்கே கிடக்கிற ஏ-9 வீதி தெற்கே கண்டிவரை போகிறது, கண்டி பஸ்ஸாகப் பார்த்து ஏறு. அங்கிருந்து மலை ஏறுகிற பஸ் கிடைக்கும். ஜன்னல் பக்கம் இடம் பிடி. கம்பளிச் சட்டையை மேல் பையில் வை, அடியில் வைத்தால் நடுங்கிக்கொண்டு தேடவேண்டியிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற அம்மாமார் தமிழில் பேசுவார்கள். படம் எடுக்கிறதுக்கு முன் அவர்களோடு பேசு.

போவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கற்சிலைமடுவுக்கு ஒரு தரம் போய்வா. வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்த இடம் இதுதான் என்று ஆங்கிலேயர் கற்சிலைமடுவில் கல் நாட்டினார்கள். வென்றவன் பெருமைக்கு நாட்டிய கல். அங்கே போகிறவர்கள் பூ வைத்தது தோற்றவனுக்கு. இரண்டு மாதம் கழித்து உன் சரித்திர ஆசிரியர் இதைப் பரீட்சையில் கேட்டால் எனக்கு ஒரு கடிதம் போடு. நுவரெலியாவிலிருந்து போட்டால் இன்னும் நல்லது, முத்திரையைச் சேர்க்கிறேன்.

பொழுதுபடமுன் வீட்டுக்கு வந்துவிடு. அந்த வீதியில் யானை கடக்கிற நேரம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நண்பனின் பிறந்தநாளுக்குக் குளக்கட்டில் கேக் வெட்டலாம் என்று இருக்கிறோம். அனுமதி எடுக்கவேண்டுமா?
– வாசகர், கிளிநொச்சி

கேக்குக்கு அனுமதி தேவையில்லை. போத்தலுக்குத் தேவைப்படும், ஆனால் ஒருவரும் தரமாட்டார்கள். குளக்கட்டின்மேல் உடைந்த கண்ணாடியை யார் பொறுக்குவது என்று நினைக்கிறீர்கள்? காலையில் வெறுங்காலோடு மாடு சாய்த்து வருகிற பையனின் குதிக்கால்தான் பொறுக்குகிறது. பொலித்தீன் பை ஒன்று துருசு வாயில் போய் ஒட்டினால் கடைசி வாய்க்கால்காரருக்குத் தண்ணீர் குறையும். அவர் பயிரைப் பார்த்து அழுகிறபோது உங்கள் நண்பனின் வயதைக் கேட்டு வாழ்த்தப் போவதில்லை. கொண்டுபோன எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். கால் கழுவ இறங்குகிறவர்கள் முதலையை நினைவில் வைத்திருக்கட்டும். ஐயனார் மரத்தடியில் ஒரு துண்டு கேக்கை வைப்பதானால் வையுங்கள், குரங்கு எடுத்துப்போகும், யாருக்கும் நட்டமில்லை. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க ஆள் தேடவேண்டாம். இந்த மாதத்துச் சோளகத்தில் அது பற்றினால்தானே!